வருஷ முடிவுக் கணக்கில் புதிதாக 'ஸ்பெஷல் இம்ப்ரூவ்மெண்ட் டிஸ்ட்ரிக்ட்' கட்டணம்: யார் போடுவது, யாருக்குப் போகிறது?

பிரிவு: தொழில், வரி, சட்டம் (அமெரிக்கா / கனடா)

#1 செண்பகம்

வணக்கம் நண்பர்களே. நியூ ஜெர்சியில் ஒரு சின்ன ஊரின் டவுன்டவுனில் த்ரெடிங் சலூன் நடத்துகிறேன். இடம் வாடகை. வருஷ முடிவில் ஓனர் ஆபீஸிலிருந்து ஒரு கணக்குச் சீட்டு வரும். சொத்து வரியில் என் பங்கு, இன்சூரன்ஸ், குப்பை என்று இருக்கும், பார்த்துவிட்டுக் கட்டிவிடுவேன். இந்த முறை அடியில் புதிதாக ஒரு வரி: "எஸ்.ஐ.டி. அசெஸ்மென்ட், உங்கள் பங்கு 640 டாலர்."

ஓனர் ஆபீஸில் கேட்டால், "அது டவுன் போடுவது, நாங்கள் வாங்கிக் கொடுக்கிறோம், அவ்வளவுதான்" என்கிறார்கள். டவுன் வரி அலுவலகத்தில் கேட்டால், "வசூல் மட்டும்தான் எங்கள் வேலை, பணம் டவுன்டவுன் கார்ப்பரேஷனுக்குப் போகிறது" என்கிறார்கள். அந்தக் கார்ப்பரேஷன் எண்ணில் எப்போதும் வாய்ஸ்மெயில்.

சிறப்பு மேம்பாட்டுப் பகுதி என்ற அளவுக்குப் புரிகிறது. மேம்பாடெல்லாம் மெயின் தெருவில் நடக்கிறது. கம்பத்துக்குக் கம்பம் பூக்கூடை, கொடி, கோடையில் வெள்ளிக்கிழமை மாலை பாட்டுக் கச்சேரி. நான் இருப்பது பார்க்கிங் லாட்டைத் தாண்டிய பக்கத் தெரு. என் வாசலில் தெருவிளக்கு எரிந்து வாரக்கணக்காகிறது. ஆறு மணிக்கு மேல் வரும் பெண்கள் போனில் டார்ச் அடித்துக்கொண்டு வருகிறார்கள்.

இது வரியா, சந்தாவா? கட்ட மாட்டேன் என்று சொல்ல முடியுமா? முடிவெடுப்பது யார்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 வரிக்கணக்கு

செண்பகம், "கட்ட மாட்டேன்" என்பதற்கு வழி கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வீணாக வக்கீலுக்குச் செலவு செய்ய வேண்டாம்.

நியூ ஜெர்சியில் இதற்கான சட்டம் 1984-ல் வந்தது. அடுத்த வருஷமே கிரான்ஃபோர்டு ஊர் மாநிலத்தின் முதல் சிறப்பு மேம்பாட்டுப் பகுதியை அமைத்தது. முறை இதுதான்: டவுன் கவுன்சில் ஒரு ஆர்டினன்ஸ், அதாவது உள்ளூர்ச் சட்டம், போட்டு, வணிகப் பகுதிக்கு எல்லை வரைந்து, உள்ளே எந்தெந்தச் சொத்துகள் என்று பட்டியல் போடும். அதை நடத்த லாப நோக்கில்லாத ஒரு கார்ப்பரேஷனை நியமிக்கும். நீங்கள் வாய்ஸ்மெயில் விட்டது அவர்களுக்குத்தான். கார்ப்பரேஷன் ஒவ்வொரு வருஷமும் பட்ஜெட் தயாரிக்க வேண்டும். கவுன்சில் பொது விசாரணை வைத்து அதை ஏற்க வேண்டும். கணக்கு வருஷா வருஷம் தணிக்கையாக வேண்டும்.

எவ்வளவு தேவை என்பது முடிவானதும், உள்ளே இருக்கும் சொத்துகளின் வரிமதிப்பைக் கூட்டி வகுப்பார்கள். தேவை 3 லட்சம் டாலர், மொத்த வரிமதிப்பு 10 கோடி டாலர் என்றால் விகிதம் 0.3 சதவீதம். 10 லட்சம் மதிப்புள்ள கட்டடத்துக்கு வருஷத்துக்கு 3,000. இது ஒரு உதாரணம்தான், உங்கள் ஊர் விகிதம் ஆர்டினன்ஸில் இருக்கும். சொத்து வரியோடு சேர்ந்தே வசூலாகும். கட்டாமல் விட்டால் சொத்து வரி பாக்கிக்கு என்ன கதியோ அதே கதி, கட்டடத்தின் மேல் லியன், அதாவது பாக்கிக்கான சட்டப் பிடி, ஏறும். ஓனர் சும்மா விடமாட்டார்.

சட்டப்படி இது வரி இல்லை, 'ஸ்பெஷல் அசெஸ்மென்ட்'. வரிப் பணம் பொதுக் கஜானாவில் கலந்து ஊர் முழுக்கச் செலவாகும். இது எந்த எல்லைக்குள் வசூலானதோ அந்த எல்லைக்குள்ளேயே செலவாக வேண்டும். அடுக்குமாடியில் மெயின்டனன்ஸ் கட்டுவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். டவுன் பில் அனுப்புவது ஓனருக்கு. உங்களை இதில் இழுத்தது உங்கள் லீஸ். 'ட்ரிபிள் நெட்' லீஸாக இருந்தால் சொத்து வரி, இன்சூரன்ஸ், பராமரிப்பு மூன்றும் உங்கள் தலையில். அந்தச் சொத்து வரிப் பிரிவில் "அசெஸ்மென்ட்கள் உட்பட" என்று ஒரு சொல் இருக்கிறதா என்று பாருங்கள்.

#3 எதிர்க்குரல்

அடுக்குமாடியில் ஓட்டாவது உண்டே ஐயா! இங்கே கட்டுவது வாடகைதாரர், நாற்காலியில் உட்காருவது ஓனர்.

நியூயார்க்கில் இதையே பிசினஸ் இம்ப்ரூவ்மெண்ட் டிஸ்ட்ரிக்ட், சுருக்கமாக 'பிட்' என்பார்கள். எழுபதுக்கும் மேல் இருக்கின்றன. கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தைச் சுற்றியுள்ள பிட் பகுதியில் குடியிருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள்: போர்டில் பெரும்பான்மை இடங்கள் கட்டட உரிமையாளர்களுக்கு, குடியிருப்பவர்களுக்கு ஒரே ஒரு இடம், ஆளுக்கொரு ஓட்டு என்ற அரசியல் சாசனக் கொள்கை என்ன ஆயிற்று என்று. கெஸ்லர் வழக்கு என்பார்கள். 1998-ல் ஃபெடரல் அப்பீல் நீதிமன்றம் கைவிரித்தது. இது தெரு கூட்டுவது, காவல் போடுவது மாதிரி குறுகிய வேலை செய்யும் அமைப்பு, நகராட்சியின் பிடிக்குள் இருக்கிறது, சுமை ஓனர்கள் மேல்தான் விழுகிறது, ஆகவே அந்தக் கொள்கை பொருந்தாது என்றது தீர்ப்பு.

ஆனால் அதே வருஷம் இன்னொரு வழக்கில் கிராண்ட் சென்ட்ரல் பிட் தரப்பு தோற்றது. வீடற்றவர்களுக்கு வேலைப் பயிற்சி என்ற பெயரில் அவர்களைத் துப்புரவுக்கும் காவலுக்கும் ஏவிவிட்டு, குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்திருந்தார்கள். அவர்கள் பயிற்சியாளர்கள் இல்லை, தொழிலாளர்கள், கூலி பாக்கி உண்டு என்று தீர்ப்பு எழுதியவர் அப்போது மன்ஹாட்டன் மாவட்ட நீதிபதியாக இருந்த சோனியா சோட்டோமேயர். பின்னாளில் உச்ச நீதிமன்றம் போனவரேதான்.

பூக்கூடை அழகாகத்தான் இருக்கும். யார் கூலியில் என்று கேட்கணும்.

#4 மூலைக்கடை

ஓனர் தரப்பிலிருந்து நான் பேசுகிறேன். திட்டுவதற்கு முன் கொஞ்சம் கேளுங்கள். டவுன்டவுனில் சின்னக் கட்டடம் ஒன்று வைத்திருக்கிறேன். இந்தக் கட்டணம் எனக்கும் வருகிறது, கடை காலியாக இருக்கிற மாசத்திலும் வருகிறது.

மாலில் எல்லாக் கடைக்கும் ஒரே நிர்வாகம். தரையைத் துடைப்பது, காவல், விளம்பரம், கிறிஸ்துமஸ் அலங்காரம், எந்தக் கடைக்குப் பக்கத்தில் எந்தக் கடை என்பது வரை ஒரே ஆபீஸ் முடிவெடுக்கும். தெருவில் ஆளுக்கொரு ஓனர். ஒருவர் ஊரிலேயே இல்லை, ஒருவர் கட்டடம் வாரிசுச் சண்டையில், ஒருவர் "எனக்கென்ன" என்பவர். வியாபாரிகள் சங்கம் வைத்துச் சந்தா வசூலித்துப் பார்த்தோம். கொடுப்பவர்தான் கொடுப்பார். கொடுக்காதவர் வாசலையும் தாண்டித்தானே துடைப்பம் போகும், அவருக்கும் அதே சுத்தம். இரண்டு வருஷத்தில் கொடுத்தவர்களுக்கும் சலித்துவிடும். கட்டாயமாக்கியதற்குக் காரணம் இந்த ஒன்றுதான், வேறு மர்மம் எதுவும் இல்லை.

எங்கள் தெருவில் காலை ஆறு மணிக்கு ஒருவர் முதுகில் நீராவி மெஷினைக் கட்டிக்கொண்டு நடைபாதையில் சூயிங்கம் எடுப்பார். கறுப்பு வட்டம் ஒவ்வொன்றின் மேலும் குழாயைச் சில விநாடி பிடித்து, பிரஷ்ஷால் ஒரு சுழற்று. ஒரு பிளாக்கை முடிக்க அரைக் காலை ஆகும். இந்த வேலையை எந்த டவுன் ஆள் போட்டுச் செய்யும், சொல்லுங்கள்?

#5 ரொறன்ரோ_சிவம்

இந்தக் கூத்து தொடங்கின இடம் எங்கட ஊர் எண்டபடியால் நானும் ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுப் போறன்.

ரொறன்ரோவில் புளோர் வெஸ்ட் வில்லேஜ் எண்டு ஒரு கடைத்தெரு. முந்தி தெருவால ஸ்ட்ரீட்கார் ஓடினது; சனம் யன்னலால கடையளைப் பார்த்துக்கொண்டு போகும், இறங்கும், வாங்கும். 1960-களில சுரங்க ரயில் வந்தது. சனம் நிலத்துக்குக் கீழாலயே போய்விட்டுது. ஒரு பக்கம் அது, மற்றப் பக்கம் புதுப் பேரங்காடிகள். கடை முதலாளிமார் கூடிப் பேசிப் பார்த்தினம், சங்கக் காசு சேரவில்லை. அப்ப அவையே மாகாண அரசிட்டப் போய், எல்லாரிட்டையும் கட்டாயமாய் வாங்கச் சட்டம் போடுங்கோ எண்டு கேட்டு எடுத்தது. 1970-ல தொடங்கினது. உலகத்திலயே முதலாவது அதுதான் எண்டு சொல்லுவினம். அமெரிக்காவில நியூ ஓர்லியன்ஸ் டவுன்டவுன் 1970-களின்ர நடுவில இதைப் பிடிச்சது.

செண்பகம் தங்கச்சிக்கு முக்கியமானது இது: ஒன்ராறியோவில கட்டட உரிமையாளர் மட்டுமில்லை, வணிக வாடகைதாரரும் உறுப்பினர்தான். கூட்டத்துக்குப் போகலாம், ஓட்டுப் போடலாம், போர்டில நிக்கலாம். சட்டத்தை எழுதேக்க கடைக்காரர் பக்கத்தில இருந்தவை எண்டது தெரியும்.

#6 தேம்ஸ்கரை

இங்கிலாந்தில் இன்னும் ஒரு படி மேலே. 2003 சட்டப்படி கட்டணமே கட்டட உரிமையாளருக்கு இல்லை, இடத்தில் தொழில் நடத்துபவருக்கு. கட்டுபவரே ஓட்டுப் போடுகிறார். தலை எண்ணிக்கையிலும் பெரும்பான்மை வேண்டும், வரிமதிப்பின் கூட்டுத்தொகையிலும் பெரும்பான்மை வேண்டும். பெரிய கடைகள் மட்டும் சேர்ந்தோ சின்னக் கடைகள் மட்டும் சேர்ந்தோ முடிக்க முடியாது. அதிகபட்சம் ஐந்து வருஷம், அப்புறம் மறுபடி ஓட்டு. லண்டன் பக்கம் கிங்ஸ்டனில் 2005-ல் முதலாவது. ஓட்டில் தோற்று மூடப்பட்டவையும் உண்டு, அதனால் மூன்றாம் வருஷத்திலிருந்தே நம் கடைக்கு வந்து "என்ன குறை" என்று கேட்பார்கள்.

#7 செண்பகம்

எல்லோருக்கும் நன்றி. வரிக்கணக்கு சார், லீஸைத் தேடி எடுத்தேன். பன்னிரண்டாம் பிரிவில் "சொத்து வரிகள், அசெஸ்மென்ட்கள், மற்றும் அவற்றோடு சேர்ந்து விதிக்கப்படும் எதுவும்" என்று இருக்கிறது. ஆக, மாட்டியாயிற்று.

மூலைக்கடை சார், நீங்கள் சொல்லும் நியாயம் புரிகிறது. நானும் சங்கத்தில் சந்தா கட்டியவள்தான். ஆனால் அந்த நீராவி மெஷின் என் தெருவுக்கு வந்ததே இல்லை. மேல் மாடியில் இரண்டு வீடுகள் இருக்கின்றன, அவர்கள் கச்சேரியும் கேட்கிறார்கள், அவர்களுக்கு இந்தக் கட்டணம் இல்லையாமே. அது எப்படி?

#8 வரிக்கணக்கு

வீடுகளை விட்டுவிடலாமா என்று மோரிஸ்டவுனில் வணிகக் கட்டட உரிமையாளர்கள் வழக்கே போட்டார்கள். எல்லோருக்கும் ஒரே சீரான வரி என்று மாநில அரசியல் சாசனம் சொல்கிறதே என்பது அவர்கள் வாதம். 1999-ல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் டவுன் பக்கம் தீர்ப்பு சொன்னது. ஸ்பெஷல் அசெஸ்மென்ட்டுக்கு அந்தச் சீர் விதி பொருந்தாது; வணிகத்துக்காகச் செய்யும் வேலை, பலன் வணிகச் சொத்துக்கு, அதனால் வணிகச் சொத்திடம் வாங்கலாம். ஆனால் வாங்குவது கிடைக்கும் பலனுக்குத் தகுந்த அளவில் இருக்க வேண்டும். நியூயார்க்கில் பல இடங்களில் குடியிருப்புச் சொத்துக்கு வருஷத்துக்கு ஒரே ஒரு டாலர் என்று பெயருக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

உங்களுக்கு உதவக்கூடியது அந்த "பலனுக்குத் தகுந்த அளவு" என்பதுதான். பல ஊர்களில் பகுதியை இரண்டு மூன்று மண்டலமாகப் பிரித்து, தினமும் கூட்டும் தெருவுக்கு ஒரு விகிதம், வாரம் இருமுறை கூட்டும் தெருவுக்குக் குறைந்த விகிதம் என்று வைப்பார்கள். உங்கள் ஊர் ஆர்டினன்ஸில் அப்படி இருக்கிறதா பாருங்கள். டவுன் கிளார்க்கிடம் கேட்டால் நகல் கொடுத்தாக வேண்டும்.

#9 கொலம்பஸ்வாசி

ஒஹையோவிலிருந்து எழுதுகிறேன். இங்கே டவுன்டவுனில் ஆபீஸ் கட்டடங்களைப் பராமரிக்கும் வேலை, அதனால் இந்தக் கணக்குகள் என் மேசைக்கு வரும்.

முதலில் அந்த விளக்கு. மேம்பாட்டுப் பகுதியைத் திட்டுவதற்கு முன், கம்பத்தில் ஆள் உயரத்தில் ஒரு சின்னத் தகடு இருக்கும், அதில் எண் இருக்கும். நியூ ஜெர்சியில் பெரும்பாலான தெருவிளக்குகள் மின்சார கம்பெனியுடையவை. அவர்கள் இணையதளத்தில் அந்த எண்ணைக் கொடுத்துப் புகார் போடுங்கள். கார்ப்பரேஷனுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். ஒழுங்கான இடங்களில் இந்த வேலைக்கென்றே ஆள் உண்டு: தெருத்தெருவாக நடந்து எரியாத விளக்கு, உடைந்த நடைபாதை, கிறுக்கல் என்று குறித்து உரிய இடத்தில் நச்சரிப்பார். மஞ்சளோ ஊதாவோ ஒரு சட்டை போட்டிருப்பார், 'அம்பாசடர்' என்பார்கள். வழி சொல்வார், இரவில் காருக்குத் துணைக்கு வருவார். போலீஸ் கிடையாது, கைது செய்ய அதிகாரம் கிடையாது, ரேடியோவில் கூப்பிடுவதோடு சரி.

ஒஹையோ முறை உங்களுடையதற்கு நேர் எதிர். இங்கே ஓனர்கள் மனுவில் கையெழுத்துப் போடாமல் பகுதி அமையாது. தெருவைப் பார்த்த முகப்பு நீளத்தில் 60 சதவீதம் வைத்திருப்பவர்கள், அல்லது பரப்பில் 75 சதவீதம் வைத்திருப்பவர்கள் சம்மதிக்க வேண்டும். அதனால் மனுவைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு ஓனராகப் பார்த்து, என்ன செய்யப் போகிறோம் என்று விளக்கியாக வேண்டும். தேவாலயங்களும் அரசுச் சொத்துகளும் தாங்களாக எழுதிக் கேட்டால் ஒழிய உள்ளே வராது. மாநிலத் தலைநகரத்தின் டவுன்டவுனில் அரசுக் கட்டடம் எத்தனை என்று யோசித்துப் பாருங்கள், பாக்கிப் பேர்தான் சுமக்கணும்.

பூக்கூடையைத் தாண்டியும் இதை வைத்துச் செய்யலாம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். கொலம்பஸின் கேபிடல் கிராஸ்ரோட்ஸ் பகுதியில் ஆபீஸ் மாடிகளுக்கு ஆள் பிடிப்பதில் பெரிய தொல்லை பார்க்கிங். இன்னொரு கராஜ் கட்டுவதற்குப் பதிலாக, பகுதிக்குள் வேலை செய்பவர்களுக்கு பஸ் பாஸை இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள். ஓனர்கள் கூடுதலாகக் கொஞ்சம் அசெஸ்மென்ட் கட்டச் சம்மதித்தார்கள், வெளியிலிருந்தும் மானியம் வந்தது. 2018 ஜூனில் தொடங்கியது. ஓனருக்கு மாடி நிரம்பும், வேலைக்கு வருபவருக்குப் பார்க்கிங் செலவு மிச்சம். வாடகைதாரரின் ஊழியர் வரைக்கும் பலன் போய்ச் சேர்ந்த ஒரு சில திட்டங்களில் இது ஒன்று என்பது என் எண்ணம்.

#10 எதிர்க்குரல்

பஸ் பாஸ் நல்ல விஷயம், மறுக்கவில்லை. ஆனால் அது பெரிய ஆபீஸ் டவுன்டவுன். செண்பகம் இருப்பது சின்ன ஊர். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் ஃபர்மன் மையம் 2007-ல் நகரத்து பிட்களை ஆராய்ந்து ஒரு அறிக்கை வெளியிட்டது. வணிகச் சொத்தின் விலை ஏறியிருக்கிறது, ஆனால் அந்த ஏற்றமெல்லாம் பெரிய ஆபீஸ் பகுதிகளில்தான். சின்னக் கடைத்தெரு பிட்களில் சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

இன்னொன்றையும் பாருங்கள். விலை ஏறினால் லாபம் யாருக்கு? ஓனருக்கு. வாடகை ஏறினால் யார் தலையில்? கட்டணத்தையும் கட்டி, அந்தக் கட்டணத்தால் ஏறிய வாடகையையும் கட்டுவது ஒரே ஆள்.

#11 மூலைக்கடை

எதிர்க்குரல் தம்பி, தெரு செத்துப்போனால் வாடகை குறையும்தான், வாடிக்கையாளரும் வரமாட்டார். அதுவா வேண்டும்? நியூயார்க்கிலேயே பிரையன்ட் பார்க் இருந்த நிலைமையை அந்தக் காலத்து ஆட்களைக் கேளுங்கள். பட்டப்பகலில் போதைப் பொருள் விற்ற இடம். வேலியை எடுத்து, உள்ளே என்ன நடக்கிறது என்று தெருவிலிருந்து தெரியும்படி திறந்துவிட்டு, இழுத்துப் போட்டுக்கொள்ளும் நாற்காலிகளை வைத்து 1992-ல் மறுபடி திறந்தார்கள். கழிப்பறையில் பூ வைத்திருப்பார்கள் ஐயா, பொதுக் கழிப்பறையில்!

#12 எதிர்க்குரல்

பூவை நானும் பார்த்திருக்கிறேன் அண்ணே. அது நடுமன்ஹாட்டன். அங்கே ஸ்பான்சர்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஸ்கேட்டிங் தளமும் குளிர்காலச் சந்தையும் உணவகங்களும் கொண்டுவரும் பணம் அசெஸ்மென்ட்டைவிட அதிகம். செண்பகம் ஊரில் வெள்ளிக்கிழமைக் கச்சேரிக்கு யார் ஸ்பான்சர்? அவரேதான், 640 டாலருக்கு.

#13 நெறியாளர்

விவாதம் சூடாக இருக்கட்டும், ஆளைத் தொடாமல். பிரையன்ட் பார்க்குக்குத் தனி இழை வேண்டுமானால் தொடங்குங்கள்.

#14 கொலம்பஸ்வாசி

எதிர்க்குரல் சொன்னதில் பெரும்பகுதிக்கு எனக்கு உடன்பாடு. அதனால் செண்பகத்துக்கு உருப்படியாக ஒன்று: பட்ஜெட்டை எப்படிப் படிப்பது.

சின்னப் பகுதிகளில் முதலில் பார்க்க வேண்டியது சம்பளம். மொத்த வசூல் ஒன்றரை லட்சம், டைரக்டர் சம்பளமும் ஆபீஸ் வாடகையும் 90 ஆயிரம் என்றால், தெருவுக்கு வருவது 60 ஆயிரம்தான். அந்த டைரக்டர் மானியம் வாங்கி வருகிறாரா, காலிக் கடைகளுக்கு ஆள் கொண்டுவருகிறாரா என்று பாருங்கள். ஆம் என்றால் அந்தச் சம்பளம் தகும். போஸ்டர் ஒட்டுவது மட்டும்தான் என்றால் தகாது.

அப்புறம் 'சுத்தமும் பாதுகாப்பும்' என்ற தலைப்பு. ஒரு வருஷத்துக்கு எத்தனை மணி நேரம், எந்தெந்தத் தெருவில் என்று ஒப்பந்தத்தில் இருக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் தெருப் பெயர் அதில் இல்லாவிட்டால் விசாரணையில் காட்ட அந்த ஒரு தாள் போதும். பூக்கூடை தப்பில்லை. ஆனால் கோடை முழுக்கத் தினமும் தண்ணீர் ஊற்ற ஆளும் வண்டியும் வேண்டும், வாங்கிய விலையைவிட ஊற்றுகிற செலவு அதிகமாகிவிடும். இது பலருக்குத் தெரியாது, பட்ஜெட்டில் 'அழகுபடுத்தல்' என்று ஒரே வரியில் ஒளிந்திருக்கும்.

கடைசியாக, டவுன் முன்பு செய்துகொண்டிருந்த வேலை எது என்று எழுத்தில் இருக்கிறதா? இந்தப் பணம் கூடுதல் சேவைக்கு. டவுன் தன் துப்புரவு வண்டியை மெதுவாக நிறுத்திவிட்டு "அதுதான் கார்ப்பரேஷன் செய்கிறதே" என்று சொல்ல ஆரம்பித்தால், நீங்கள் ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம் கட்டுகிறீர்கள். இதைப் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை, கவுன்சில் பட்ஜெட்டும் கார்ப்பரேஷன் பட்ஜெட்டும் வேறு வேறு கூட்டத்தில் போகும்.

#15 பனிமழை

இடையில் ஒரு சந்தேகம். பனி தள்ளுவதும் இவர்கள் பொறுப்பா? எங்கள் தெருவில் போன குளிர்காலத்தில் யாரும் வரவில்லை.

#16 வரிக்கணக்கு

இல்லை. நியூ ஜெர்சியில் கடைக்கு முன்னால் உள்ள நடைபாதை வணிகச் சொத்தின் பொறுப்பு. அங்கே ஒருவர் விழுந்து அடிபட்டால் உரிமையாளர் பதில் சொல்லியாக வேண்டும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 1981-லேயே சொல்லிவிட்டது. பனி தள்ளும் வேலை லீஸில் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள், பல நேரம் வாடகைதாரர்தான். மேம்பாட்டுப் பகுதி வேண்டுமானால் முனைகளையும் தெருவைக் கடக்கும் இடங்களையும் திறந்துவிடும், செய்தால் அது உபரி.

#17 செண்பகம்

கம்பத்து எண் கிடைத்தது, மின்சார கம்பெனியில் புகார் போட்டு நாலாம் நாள் விளக்கு எரிகிறது. கொலம்பஸ்வாசிக்கு நன்றி.

கிளார்க் ஆர்டினன்ஸ் நகல் கொடுத்தார். என் தெரு எல்லைக்குள்ளேதான் இருக்கிறது. மண்டலம் எதுவும் பிரிக்கவில்லை, எல்லோருக்கும் ஒரே விகிதம். கூட்டுகிற ஒப்பந்தத்தில் மெயின் தெருவும் ரயில் நிலையமும் மட்டும் இருக்கின்றன, என் தெரு இல்லை. அடுத்த மாசம் பட்ஜெட் விசாரணை. பக்கத்துச் சாவிக்கடைக்காரரும் எதிர் வரிசை டாக்ஸ் ஆபீஸ் அம்மாவும் வருகிறேன் என்றிருக்கிறார்கள். போர்டு பட்டியலைப் பார்த்தேன்: ஓனர்கள், ஒரு வங்கி மேலாளர், கவுன்சில் உறுப்பினர் ஒருவர், வாடகைக்கு இருக்கும் கடைக்காரர் ஒரே ஒருவர். அவரும் மெயின் தெரு.

விசாரணையில் எத்தனை நிமிஷம் பேச விடுவார்கள்?

#18 எதிர்க்குரல்

கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும், பொதுவாக மூன்று நிமிஷம், ஐந்து நிமிஷம். மூன்று பேரும் ஒரே விஷயத்தைச் சொல்லாதீர்கள். ஒருவர் ஒப்பந்தத்தில் தெருப்பெயர் இல்லாததை, ஒருவர் மண்டல விகிதத்தை, ஒருவர் போர்டில் வாடகைதாரர் இடங்களை. எழுதிக் கொடுத்தும் விடுங்கள், குறிப்பேட்டில் ஏறும். முகம் பார்த்துப் பேசினால் கவுன்சிலில் ஒருவருக்காவது உறைக்கும்.

#19 ரொறன்ரோ_சிவம்

தங்கச்சி, போர்டில இடம் காலியாகேக்க நீங்களே பெயர் குடுங்கோ. கூட்டம் காலமை வைக்கினமோ பின்னேரம் வைக்கினமோ எண்டும் பாருங்கோ. கடை திறந்திருக்கிற நேரத்தில கூட்டம் வைச்சால் கடைக்காரர் எப்பிடி வாறது? இஞ்சையும் இந்தப் பிரச்சினை இருந்தது, காலமை கடை திறக்க முதல் வைக்கச் சொல்லி மாத்தினது.

#20 வரிக்கணக்கு

விசாரணைக்கு முன் ஒரு சின்ன வேலை. ஓனர் ஆபீஸிடம் டவுன் அனுப்பிய அசல் வரி பில்லின் நகல் கேளுங்கள். பல லீஸ்களில் அந்த உரிமை இருக்கும். 640 எப்படி வந்தது என்று வகுத்தல் கணக்கைப் பாருங்கள். லீஸில் உங்கள் பங்கு எதன் மேல், மொத்தப் பரப்பின் மேலா அல்லது வாடகைக்குப் போன பரப்பின் மேலா என்பது முக்கியம். அடுத்த முறை லீஸ் புதுப்பிக்கும்போது, இந்த மாதிரி அசெஸ்மென்ட்டுக்கு வருஷத்துக்கு இவ்வளவுதான் என்று ஒரு உச்சவரம்பு கேளுங்கள். கொடுக்க மாட்டேன் என்பார்கள், பாதிப் பேர் கடைசியில் கொடுப்பார்கள்.

#21 செண்பகம்

பில் நகல் வந்தது. கட்டடம் முழுமைக்கும் அசெஸ்மென்ட் 1,920 டாலர். கீழே நான்கு கடைகள், எல்லாம் ஒரே அளவு. ஓரத்துக் கடை போன வருஷம் முழுக்கக் காலி. 1,920-ஐ மூன்றால் வகுத்திருக்கிறார்கள். லீஸில் "கட்டடத்தின் மொத்த வணிகப் பரப்பில்" என்றுதான் இருக்கிறது.

#22 வரிக்கணக்கு

அப்படியானால் உங்கள் பங்கு 480. காலிக் கடைக்கு உண்டானது ஓனர் தலையில். 160 டாலரைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் எழுதுங்கள், லீஸ் பிரிவு எண்ணைப் போட்டு. கையோடு அதே சீட்டில் சொத்து வரி, இன்சூரன்ஸ், குப்பை மூன்றையும் எதால் வகுத்தார்கள் என்று பாருங்கள். பெரிய பணம் அங்கேதான்.

#23 செண்பகம்

பார்த்தேன் சார். மூன்றையும் மூன்றால்தான். சாவிக்கடைக்காரருக்கும் அதே கட்டடம், அதே கணக்கு. இரண்டு பேரும் சேர்ந்து கடிதம் போடுகிறோம், ரிஜிஸ்டர்டு தபாலில்.